ஒன்றாம் வகுப்பில் என் மகள் என்னதான் படிக்கிறாள்?

கேள்வி: என் மகளுக்கு ஆறரை வயது. ஒன்றாம் வகுப்பில் பாதி ஆண்டு முடிந்துவிட்டது. நோட்டைத் திறந்தால் பாதிப் பக்கம் படம், மீதியில் நாலைந்து வரிதான் இருக்கிறது. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "விதை போட்டோம், விளையாடினோம்" என்கிறாள். அதே வயதுள்ள என் அக்கா மகன் வேறு பள்ளியில் படிக்கிறான். ஐந்தாம் வாய்பாடு வரை ஒப்பிக்கிறான், பாடப்புத்தகத்தை மளமளவென்று வாசிக்கிறான். இவளோ ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிக்கிறாள். சில எழுத்துகளைத் திருப்பியும் போடுகிறாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒவ்வொரு பாடத்திலும் என்ன தெரிந்திருக்க வேண்டும்? இப்போதே டியூஷன் வைத்துவிடலாமா?

பதில்: நீங்கள் குறையாக எழுதியிருக்கும் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள் என்கிறீர்கள். ஆறரை வயதில், ஆண்டின் நடுவில், வாசிப்பு அப்படித்தான் இருக்கும். கூட்டி வாசிக்கிற பிள்ளை தாளில் இருப்பதைப் பார்த்து வாசிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். பாடப்புத்தகத்தை மளமளவென்று சொல்லும் பிள்ளை வாசிக்கிறதா, மனப்பாடமாகச் சொல்கிறதா என்று உடனே சொல்ல முடியாது. உங்கள் அக்கா மகன் உண்மையிலேயே நன்றாக வாசிப்பவனாக இருக்கலாம். அந்த வயதிலேயே சரளமாக வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் வகுப்பே சேர்ந்து பலமுறை சொன்ன பக்கத்தை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. படத்தைப் பார்த்ததுமே வரி நாக்கில் வந்து நின்றுவிடும்.

அதனால் ஒன்றாம் வகுப்பில் எந்தப் பாடமானாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தெரிந்ததை, இதுவரை பார்க்காத இடத்தில் பிள்ளை பயன்படுத்துகிறதா? நோட்டு எத்தனை பக்கம் நிறைந்தது என்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளையோடு பத்து நிமிடம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

வாசிப்புக்கு இப்படிச் செய்து பாருங்கள். ஒரு தாளில் ‘பட்டம்’ என்று எழுதுங்கள். வாசித்ததும் முதல் எழுத்தை மட்டும் மாற்றி ‘வட்டம்’, ‘கட்டம்’, ‘சட்டம்’ என்று எழுதிக் காட்டுங்கள். அப்புறம் ‘தமுகி’ மாதிரிப் பொருளே இல்லாத ஒன்றை எழுதுங்கள். பிள்ளை சிரிக்கும். சிரித்துக்கொண்டே சரியாக வாசித்தால், எழுத்தையும் ஒலியையும் சேர்க்கும் வித்தை கைவந்துவிட்டது என்று பொருள். வேகம் பின்னால் தானாக வரும். மெதுவாக வாசிக்கிறாளே என்று இந்தக் கட்டத்தில் அவசரப்படுத்தினால், பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரிய பாடு.

தமிழில் இந்த வித்தைக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும், அதற்குக் காரணமும் இருக்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247 எழுத்து. 247 வடிவங்களையும் தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டும் என்றால் யாருக்குமே மலைப்பாக இருக்கும். உண்மையில் பிள்ளை பிடிக்க வேண்டியது ஓர் ஒழுங்கை: க, கா, கி, கீ என்று ஒரு வரிசை புரிந்தால், ம வரிசையிலும் அதே கால், அதே கொம்பு, அதே சுழி. ஒழுங்கு குலையும் சில இடங்களில்தான் எல்லாப் பிள்ளைகளும் தடுக்குகிறார்கள். ‘கெ’ என்று சொல்லும்போது க முதலில் ஒலிக்கிறது, ஆனால் கொம்பு அதற்கு முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் வந்துவிடுகிறது. டு, து, மு, சு ஆகிய நான்கிலும் உகரம் ஒவ்வொரு மாதிரி. போதாக்குறைக்கு கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே ‘க’தான், ஒலி மட்டும் மூன்று விதம். உங்கள் மகள் இந்த இடங்களில் தயங்கினால், கடினமான இடத்தில் தயங்குகிறாள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புத்தகத்தில் ‘பூனை மரத்திலிருந்து குதித்தது’ என்று இருக்கும். பிள்ளை ‘பூனை மரத்துலேர்ந்து குதிச்சுச்சு’ என்று வாசிக்கும். பெற்றோர் உடனே திருத்துவார்கள். எனக்கு அதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும். வரியின் பொருள் உள்ளே போய், அதன் சொந்தப் பேச்சில் வெளியே வந்திருக்கிறது. எழுத்து நடையும் பேச்சு நடையும் வேறுவேறாக இருக்கும் மொழியில் பிள்ளை முதல் ஆண்டிலேயே இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுகிறது. வரியை முடிக்க விடுங்கள். அப்புறம், "புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு, பார்க்கலாமா?" என்று விரல் வைத்துக் காட்டினால் போதும். கதையை வாசித்து முடித்ததும், பூனை ஏன் குதித்தது என்று கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு காரணத்தை அவளாகச் சொன்னால் இன்னும் நல்லது.

ஆங்கிலமும் சேர்ந்து படிக்கிறாள் என்றால், அங்கே எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்ற கூடுதல் சுமை இருக்கிறது. ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் திறன் ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்ததற்கும் கை கொடுக்கும். வீட்டில் பேசும் மொழியில் அது முதலில் உறுதிப்படட்டும்.

எழுத்தைத் திருப்பிப் போடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கோப்பையை இடது பக்கம் திருப்பினாலும் வலது பக்கம் திருப்பினாலும் அது கோப்பைதான். பிறந்ததிலிருந்து குழந்தையின் கண் கற்றது அதைத்தான். எழுத்தில் மட்டும் திசை மாறினால் எழுத்தே வேறாகிவிடும் என்பது புதுப் பாடம். ஏழு வயதுவரை 3, 7 போன்ற எண்களையும் சில எழுத்துகளையும் திருப்பிப் போடுவது சாதாரணம். அதை மட்டும் வைத்துக் கற்றல் குறைபாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலைந்து வரிதான் எழுதுகிறாள் என்பதற்கும் கவலைப்பட வேண்டாம். அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகி முடிந்திருக்காது. பென்சிலை அழுத்திப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுத வைத்தால் கை வலிக்கும், எழுத்தும் கோணும், எழுதுவது என்றாலே வெறுப்பும் வரும். அவள் மனதில் இருந்து எழுதிய ஒரே ஒரு வரியை, பிழையோடு இருந்தாலும், பார்த்து எழுதிய பத்து வரிகளுக்கு மேலாக நான் மதிப்பேன்.

சரி, கணக்குக்கு வருவோம். ஐந்தாம் வாய்பாடு ஒப்பிப்பது நினைவாற்றல். கெட்டதில்லை, ஆனால் அதற்கு முன்னால் வர வேண்டியவை நிறைய இருக்கின்றன. நாலு தட்டு வைத்து ஒவ்வொன்றிலும் ஐந்து பொத்தான் போட்டு, மொத்தம் எத்தனை என்று அந்தப் பையனிடமும் கேட்டுப் பாருங்கள். ‘நாலஞ்சு இருபது’ என்று தாளம் போட்டுச் சொல்லும் பிள்ளை, இங்கே ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கலாம். வாய்பாட்டுக்கும் இந்தத் தட்டுகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அதற்கு இன்னும் யாரும் காட்டவில்லை என்று அர்த்தம்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) செய்து காட்டிய ஒரு சோதனை உண்டு, வீட்டிலேயே செய்யலாம். ஏழு பொத்தான்களை ஒரு வரிசையில் வையுங்கள். அதற்கு நேர் கீழே இன்னொரு ஏழு. இரண்டும் சமமா என்று கேளுங்கள், சமம் என்பாள். இப்போது அவள் கண் முன்னாலேயே கீழ் வரிசையை இழுத்து நீளமாகப் பரப்புங்கள். இப்போது எதில் அதிகம்? நாலைந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் நீளமான வரிசையைக் காட்டும். ஆறு, ஏழு வயதில் ஒரு நாள் அது உங்களை விநோதமாகப் பார்த்து, "நீங்க தள்ளித்தானே வச்சீங்க, அதே ஏழுதான்" என்று சொல்லும். யாரும் பாடம் நடத்தி இதை உள்ளே திணிக்க முடியாது. பொருள்களைக் கையால் அடுக்கி, கலைத்து, எண்ணி வந்ததில் விளைந்தது அது. வகுப்பில் கல்லையும் குச்சியையும் வைத்து விளையாட விடுவது இதற்காகத்தான்.

அடுத்தது பத்து. ஒன்றாம் வகுப்புக் கணக்கின் உயிர்நாடி இதுதான் என்பேன். 16 பொத்தான்களை எண்ணச் சொல்லி, தாளில் 16 என்று எழுதச் சொல்லுங்கள். 6ஐத் தொட்டு, "இந்த எண்ணுக்கு எத்தனை பொத்தான், காட்டு" என்று கேளுங்கள். ஆறு பொத்தான்களை நகர்த்துவாள். இப்போது 1ஐத் தொட்டுக் கேளுங்கள். பல பிள்ளைகள் ஒரே ஒரு பொத்தானை நகர்த்துவார்கள். மீதி ஒன்பது மேசையிலேயே கிடக்கும், அது ஏன் என்ற கேள்வியே அவர்களுக்கு வராது. 16 என்று பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்த 1 பத்தைக் குறிக்கிறது என்பது தெரியாமல் இருக்கலாம். இது உறுதிப்படாமல் கடன் வாங்கிக் கழித்தலுக்குப் போனால், இரண்டாம் மூன்றாம் வகுப்பில் பிள்ளை விதியை மட்டும் பிடித்துக்கொண்டு தத்தளிக்கும். உங்கள் மகளும் ஒற்றைப் பொத்தானைக் காட்டினால் பதற வேண்டாம். பத்துப் பத்துக் குச்சிகளாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, உதிரிகளைத் தனியே வைத்து, எண்களைக் கட்டிக் காட்டும் விளையாட்டைச் சில வாரம் ஆடுங்கள்.

கூட்டலில் விடையைவிட, விடைக்கு வந்த வழியைப் பாருங்கள். 8 + 5 என்றால் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணுகிறாளா, எட்டை மனதில் வைத்து ஒன்பது, பத்து என்று தொடர்கிறாளா, ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கி மீதி மூன்றைச் சேர்க்கிறாளா? இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வளர்ச்சி. விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள், தேவை தீர்ந்ததும் விரல் தானே மடங்கும். 5 + 3 = □ + 2 என்று எழுதிக் கொடுத்தும் பாருங்கள். கட்டத்தில் 8 என்று போட்டால், சமக்குறி என்றால் ‘விடையை எழுது’ என்று புரிந்துவைத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பது இனிதான் புரிய வேண்டும். நீளம் அளப்பது, மணி பார்ப்பது, முக்கோணத்தைச் சாய்த்து வைத்தாலும் அது முக்கோணமே என்று அறிவது எல்லாம் இந்த ஆண்டில் போகிறபோக்கில் அறிமுகமாகும்.

இப்போது உங்கள் மகள் சொன்ன அந்த விதைக்கு வருகிறேன், உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதற்குள்தான் இருக்கிறது. கண்ணாடிக் குவளையில் ஈரத்தாளை ஒட்டி விதை வைத்திருப்பார்கள், அல்லது மண்ணில் ஊன்றியிருப்பார்கள். வேர் முதலில் வருமா, இலை முதலில் வருமா என்று ஆசிரியர் கேட்டிருப்பார். இலைதான் என்று வகுப்பில் பாதிப் பேர் கத்தியிருப்பார்கள். வேர் வந்ததும் வாய் பிளந்திருப்பார்கள். ஊகித்து, பார்த்து, ஊகம் ஏன் தப்பிற்று என்று யோசித்தால் அது அறிவியல். எத்தனையாவது நாளில் முளைத்தது என்று எண்ணி, செடி எத்தனை குச்சி உயரம் என்று அளந்தால் அது கணக்கு. நேற்று, இன்று, நாளை, முந்தாநாள் ஆகியவற்றின் வரிசை பிடிபடுவதும் அங்கேதான். அந்த வயதில் பலருக்கு நடந்து முடிந்த எல்லாமே ‘நேற்று’தான். பார்த்ததைப் படமாகப் போட்டு அடியில் ‘வேர் வந்தது’ என்று ஒரு வரி எழுதினால், எழுத்துப் பயிற்சிக்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது. யார் தண்ணீர் ஊற்றுவது என்பதில் சண்டை வந்திருக்கும், முறை வைத்துத் தீர்த்திருப்பார்கள். சமூகப் பாடத்தின் முதல் அத்தியாயம் அதுதானே.

பாதிப் பக்கம் படம் என்று நீங்கள் எழுதினீர்களே, அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். இலைகளைத் தண்டின் எந்தப் பக்கம் போட்டிருக்கிறாள்? வேரை மண்ணுக்குக் கீழே காட்டியிருக்கிறாளா? பார்த்ததைப் போட்டிருக்கிறாளா, எல்லோரும் போடும் பூவைப் போட்டிருக்கிறாளா? பிறகு, "விதைக்கு உயிர் இருக்கா?" என்று கேளுங்கள். அசைவதெல்லாம் உயிருள்ளது, அசையாதது உயிரற்றது என்று நினைக்கிற வயது இது. சூரியனுக்கும் மேகத்துக்கும் உயிர் உண்டு என்பார்கள், விதைக்கு இல்லை என்பார்கள். அசையாமல் கிடந்த விதை முளைத்தது அந்த எண்ணத்தையே ஆட்டிவிடும். அவள் சொல்லும் பதில் தவறாக இருந்தால் திருத்த அவசரப்படாமல், ஏன் அப்படி நினைக்கிறாள் என்று கேளுங்கள்.

மற்றப் பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமூகம் என்றால் தன்னிலிருந்து வெளியே விரிவது: தன் முழுப் பெயர், வீட்டு முகவரி, குடும்பம், வகுப்பு, சுற்றியுள்ளவர்கள் செய்யும் வேலைகள், விதிகள் எதற்கு என்பது. தன் அறையை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரைந்தால் அது முதல் வரைபடம். ஓவியத்தில் இந்த வயதில் ஒரு தரைக்கோடு வரும், எல்லோரும் அதன் மேல் நிற்பார்கள், வானம் மேலே ஒரு நீலப் பட்டையாக இருக்கும். வானம் கீழே வரை வரும் என்று திருத்த வேண்டாம், அது வளர்ச்சிப்படி. பாட்டும் தாளமும் சொல்லை அசை அசையாகப் பிரித்துக் கேட்கும் காதைத் தருகின்றன, அது நேராக வாசிப்புக்குப் போகிறது. ஒற்றைக் காலில் குதிப்பது, பந்தைப் பிடிப்பது, கோட்டின் மேல் நடப்பது உடலுக்கான பாடம். இவற்றைப் ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கும் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருந்தால்தான் நான் கவலைப்படச் சொல்லியிருப்பேன்.

பாடப் பட்டியலில் எங்கும் எழுதாத ஒரு பாடமும் உண்டு: இரண்டு கட்டளைகளை நினைவில் வைத்துச் செய்வது, தன் முறைக்குக் காத்திருப்பது, புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வது, தொடங்கியதை முடிப்பது. வேலை செய்யும்போது அவள் தனக்குத்தானே முணுமுணுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்த ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, பிள்ளை தன் சிந்தனையைத் தானே நடத்தப் பழகும் வழி அந்த முணுமுணுப்பு என்று விளக்கினார். வாயை மூடிக்கொண்டு எழுது என்று சொல்லிவிடாதீர்கள்.

அக்கா மகனோடு ஒப்பிடும் விஷயம். இங்கிலாந்தில் குழந்தைகள் 5 வயதில் ஒன்றாம் ஆண்டுக்குப் போகிறார்கள். பின்லாந்தில் 7 வயது நிறையும் ஆண்டில்தான் ஒன்றாம் வகுப்பே தொடங்குகிறது. இரண்டு நாட்டிலும் பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள். ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பிறந்தநாள் கணக்கில் பதினொரு மாத வித்தியாசம் இருக்கலாம். ஆறு வயதில் பதினொரு மாதம் என்பது பெரிய இடைவெளி. அவள் காதில் விழும்படி ஒப்பிட்டுப் பேசுவதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். தனக்குப் படிப்பு வராது என்று ஒரு பிள்ளை ஆறு வயதில் முடிவுகட்டிக்கொண்டால், அதை மாற்ற நானும் வகுப்பாசிரியரும் பல ஆண்டு போராட வேண்டியிருக்கும்.

எப்போது கவலைப்படலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு முடியும்போதும் தெரிந்த எழுத்துகளைச் சேர்த்து இரண்டெழுத்துச் சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை, கதை சொன்னால் யார் என்ன செய்தார்கள் என்று திருப்பிச் சொல்ல வரவில்லை, பத்துப் பொருளை எண்ணிவிட்டு எத்தனை என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறாள், காலையில் பள்ளி நேரத்தில் மட்டும் அடிக்கடி வயிற்றுவலி வருகிறது. இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை, தனக்குத் தெரியவில்லை என்று சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். கண்ணும் காதும் சரியாக இருந்தால் வகுப்பாசிரியரிடமும், தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான கல்வி உளவியலாளரிடமும் பேசலாம். நீங்கள் எழுதியதில் இப்படி எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை.

டியூஷன் வேண்டாம். பகலெல்லாம் உட்கார்ந்து வந்த பிள்ளையை மறுபடி உட்கார வைத்து, அதே பாடத்தை ஒப்பிக்கச் சொல்வதுதான் பெரும்பாலும் அங்கே நடக்கும். அந்தப் பணத்தில் பாதிக்குப் படக்கதைப் புத்தகங்கள் வாங்குங்கள், அல்லது நூலகத்தில் சேருங்கள். இரவில் பதினைந்து நிமிடம், ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவள் என்று வாசியுங்கள். அவள் தடுக்கும் சொல்லில் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள், பிறகு முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஆசிரியரைப் பார்க்கும்போது "என் பொண்ணு எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டால், "நல்லா படிக்கிறா" என்ற பதிலோடு முடிந்துவிடும். இப்போது அவள் எதில் திணறுகிறாள், அதற்கு வகுப்பில் என்ன செய்கிறீர்கள், வீட்டில் நான் எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பல ஆசிரியர்கள் நிறையவே வைத்திருப்பார்கள், கேட்பவர்கள்தான் இல்லை.